பிழை திருத்தாமல்

சாத்தம், மேற்குக் கனடா, 1857

மனு செவ்வாய்க்கிழமை வந்தது.
நீல உறை. நிதானமான கையெழுத்து.
கீழே அறுபத்திரண்டு பெயர்கள்.
எங்களுக்கு இந்த ஊரில் நிலம் விற்கக் கூடாதாம்.
எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சில்
அவர்கள் பிள்ளைகளை உட்காரவைக்க மாட்டார்களாம்.
ஊரின் பெரிய பத்திரிகை அதை ஏற்கெனவே போட்டிருந்தது,
பெயர்களை மட்டும் விட்டுவிட்டு.

லவீனியா அம்மையார் படித்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.
“முழுசாகப் போடு, பெர்மீலியா.
ஒரு பெயர் விடாமல்.”

அடுப்பருகே மை உருளைக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்த
ஹோசியா நிமிர்ந்தான்.
“நம் ஈயத்திலா?
சந்தாவுக்குப் பணமில்லாமல் சனங்கள்
உருளைக்கிழங்கு கொடுத்து நடத்தும் தாளிலா?”
“அதில்தான்.
அவர்கள் சொன்னதை நாம் ஒளித்தால்
நாம் சொல்வதை எவர் நம்புவார்?”
அவனுக்கு அது பதிலாகப் படவில்லை.
எனக்கும்தான்.

ஆனால் கோப்பவள் நான்.

வர்ஜீனியாவில் என்னைத் தேடி ஒட்டிய விளம்பரத்தில்
‘கொஞ்சம் படிப்பாள்’ என்று இருந்ததாம்.
அங்கே அது ஓர் அங்க அடையாளம்,
இடது புருவத்துத் தழும்பைப் போல.
இருபது வயதுவரை என் தலையெழுத்து
வேறொருவர் கணக்குப் புத்தகத்தில் இருந்தது.
இப்போது எழுத்தெல்லாம்
என் கைக்குத் தலைகீழாகத்தான் வருகிறது.
பழகிவிட்டது.

இடக்கையில் இரும்புக் கோல். வலக்கை பெட்டிக்குள்.
‘சோம்பேறிகள்’ என்ற சொல்லுக்கு
எட்டு முறை கை போய்வந்தது.
விடியற்காலை ஐந்திலிருந்து நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் பத்தியில் ‘நாகரீகம்’ என்று எழுதியிருந்தார்கள்.
விரல் தானாகத் திருத்தப் போனது.
பிடித்து நிறுத்தினேன்.
பிழையும் அவர்களுடையதுதான்,
அதில் ஓரெழுத்தைக்கூட நான் தொட மாட்டேன்.

நாற்பத்தோராவது பெயர் ஆங்கஸ் பிட்கெய்ர்ன்.
அவர் கடை எண்ணெயில் எரிந்த விளக்கின் கீழ்தான்
அந்தப் பெயரைக் கோத்தேன்.

சனிக்கிழமை தாள் வெளியானது.
ஞாயிறு இரவு ஜன்னலில் ஒரு கல்.
கண்ணாடி ஐந்து ஷில்லிங்.
மூன்று பேர், தம் பெயரை எடுத்துவிட்டதாக எழுதினார்கள்
(அதையும் போட்டோம்).
மற்றவர்கள் எழுதவில்லை.

திங்களன்று எண்ணெய் தீர்ந்தது.
பிட்கெய்ர்ன் கடைக்குத்தான் போக வேண்டும், வேறு கடை இல்லை.
தராசுக்கு அடியில் எங்கள் தாள் மடித்துக் கிடந்தது.
“என் பெயரைப் போடச் சொன்னது யார்?”
“நீங்கள்தான். கையெழுத்து இருந்ததே.”
“அது நகர சபைக்கு எழுதியது.”
“சபை கேட்டது, ஊரும் கேட்கட்டும்.”

தகரக் குப்பியில் எண்ணெய் குறையாமல் ஊற்றினார்.
சில்லறையை இரண்டு தடவை எண்ணினார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
போன வாரமும் பார்த்ததில்லை,
ஆனால் போன வாரம் அதற்குச் சிரமப்படவில்லை.

செவ்வாய் மறுபடி வந்தது.
காரநீரில் தேய்த்து மையைக் கழுவி
மனுவைக் கலைத்தேன்.
ஈயத்துக்குக் கோபமில்லை.
சோம்பேறிகளின் எட்டு எழுத்தும்
தத்தம் அறைக்குள் ‘டக் டக்’ என்று விழுந்தன.

அடுத்த இதழுக்குக் கோதுமை விலை,
ஒரு திருமணம்,
வில்பர்ஃபோர்ஸ் தெருவில் ஒரு காணாமல்போன பசு,
பிறகு டோர்காஸ் வென் தந்த ஆறு வரி:

ரிச்மண்ட் சந்தையில் விற்கப்பட்ட என் தங்கை
ஜெமைமாவைத் தேடுகிறேன்.
சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள்.
அவளுக்குப் படிக்க வராது.
இதைக் காண்பவர்கள்
தயவுசெய்து உரக்கப் படிக்கவும்.

‘உரக்க’ என்பதைப் பெரிய எழுத்தில் போட ஆசை.
பெட்டியில் ஒன்று குறைந்தது.
மனுவின் தலைப்பை இன்னும் கலைக்காமல் வைத்திருந்தேன்.
அதிலிருந்து உருவினேன்.

“உருளை சூடாகிவிட்டது” என்றான் ஹோசியா.